பல்கலை சரி, கழகம் எங்கே?

மே மாதம் வந்துவிட்டால் வளவனூர் கடைத்தெருவில் கல்லூரி பேனர்கள் முளைத்துவிடும். விழுப்புரத்திலிருந்து பாண்டி போகிற சாலையில் தனியார் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. சேர்க்கைக் காலத்தில் ஒவ்வொன்றும் ஒரு வாசகத்தோடு வந்து நிற்கும். அப்படி ஒரு பேனரில் ஒருமுறை இதைப் படித்தேன்: ஆக்ஸ்ஃபோர்டு பிறக்கும் முன்பே பல்கலைக்கழகம் கண்ட மண் இது. அதற்குக் கீழே பொறியியல் பிரிவுகளின் பட்டியல், அதற்கும் கீழே ஒரு செல்போன் எண்.

பேனரை வைத்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் ஊர் பேசுவதைத்தான் எழுதினார்கள். பள்ளி ஆண்டுவிழா மேடையில் சிறப்பு விருந்தினர் இதைத்தான் சொல்கிறார், வாட்ஸ்அப்பில் மாமா அனுப்புவதும் இதைத்தான். வரலாறு படித்தவர்கள்கூட, மறுத்தால் மண்ணின் பெருமையைக் குலைத்த பழி வருமே என்று தலையாட்டிவிட்டுப் போகிறார்கள். வளவன் என்றால் சோழன். ஊர்ப்பெயரிலேயே சோழனைச் சுமக்கிற எனக்கும் அந்தப் பெருமையில் பங்கு உண்டு. அந்த உரிமையில்தான் சொல்கிறேன்: இவர்கள் எல்லோரும் மனதில் வைத்துப் பேசுகிற, சோழர் காலத்து எண்ணாயிரத்தில் இருந்த பள்ளி பல்கலைக்கழகம் இல்லை. அதை அப்படி அழைப்பதால் அதற்கு ஒரு பெருமையும் கூடுவதில்லை. அங்கே உண்மையில் நடந்தது என்னவென்று கேட்கும் ஆர்வம்தான் குறைந்துபோகிறது.

கல்வெட்டு சொல்வதை முதலில் முழுதாகக் கேட்போம். மேடையில் பேசுகிறவர்கள் அந்த அளவுக்குப் போவதில்லை.

எண்ணாயிரம் விக்கிரவாண்டி வட்டாரத்தில் இன்று ஒரு சிற்றூர். அழகிய நரசிங்கப் பெருமாள் கோயில் அங்கே இருக்கிறது. சோழர் காலத்தில் ஊருக்கு ராஜராஜச் சதுர்வேதிமங்கலம் என்று பெயர். முதலாம் ராஜேந்திரன் (1012–1044) காலத்துக் கல்வெட்டு ஒன்றை 1917இல் கல்வெட்டுத் துறையினர் இந்தக் கோயிலில் படியெடுத்தார்கள். அரசனின் ஆணைப்படி ஊர்ச்சபை கூடி, படிக்கும் பிள்ளைகளுக்கும் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும் நெல் ஒதுக்கிய செய்தி அதில் இருக்கிறது.

கணக்கு மிகத் துல்லியம். இளைய மாணவர்கள் 270 பேர். இதில் ரிக் வேதத்துக்கு 75, யஜுர் வேதத்துக்கு 75, சாந்தோக சாமத்துக்கு 20, தலவகார சாமத்துக்கு 20, வாஜசனேயத்துக்கு 20, அதர்வணத்துக்கு 10, போதாயன கிருஹ்ய கல்பத்துக்கு 10, ரூபாவதாரம் என்ற இலக்கண நூலைப் படிக்க 40. மூத்த மாணவர்கள் 70 பேர். வியாகரணம் 25, பிரபாகர மீமாம்சை 35, வேதாந்தம் 10. ஆக மொத்தம் 340 பேருக்கு 14 ஆசிரியர்கள். தலைக்கு 24 பிள்ளைகள்; இன்றைய கல்லூரி ஆய்வுக்குழு வந்து பார்த்தாலும் முகம் சுளிக்காது.

இளையவருக்கு நாளொன்றுக்கு 6 நாழி நெல், மூத்தவருக்கு ஒரு குறுணி 2 நாழி, அதாவது 10 நாழி. கூட்டிப் பார்த்தேன். மாணவர்களுக்கு மட்டுமே ஒரு நாளைக்கு 2,320 நாழி; 24 கலம் 2 குறுணி. கோயில் கல்வெட்டுகளில் நெல்லுக்கு அரிசி ஐந்துக்கு இரண்டு என்பது வழக்கமான வாய்ப்பாடு. அந்தக் கணக்கில் சின்னப் பையன் ஒருவனுக்கு இரண்டே கால் நாழிக்கு மேல் அரிசி வருகிறது. சோறு போக மிச்சம் மோருக்கும் காய்க்கும் மாறியிருக்க வேண்டும். பசியோடு யாரும் படிக்கவில்லை என்பது மட்டும் உறுதி.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் அந்த ரூபாவதாரம். பாணினியின் இலக்கணத்தைத் தொடக்க மாணவர்களுக்கு ஏற்றபடி வகைப்படுத்தித் தரும் நூல் அது. எழுதியவர் தர்மகீர்த்தி, இலங்கையைச் சேர்ந்த பௌத்தத் துறவி என்பார்கள். பெருமாள் கோயில் நெல்லைத் தின்று, வேதப் பள்ளியில் உட்கார்ந்து, 40 பிள்ளைகள் ஒரு பௌத்தரின் பாடப்புத்தகத்தை உருப்போட்டிருக்கிறார்கள். பேனரில் போடுவதற்கு ஆக்ஸ்ஃபோர்டைவிட இது எவ்வளவோ நல்ல செய்தி.

எண்ணாயிரம் தனி மரமும் இல்லை. வளவனூரில் பாண்டி பஸ் ஏறினால் மதகடிப்பட்டு தாண்டித் திருபுவனை வரும். அங்குள்ள பெருமாள் கோயிலில் முதலாம் ராஜாதிராஜன் காலத்து, 1048ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று 260 மாணவர்களுக்கும் 12 ஆசிரியர்களுக்கும் ஏற்பாடு சொல்கிறது. 72 வேலி நிலம், அதிலிருந்து ஆண்டுக்கு 12,000 கலம் நெல். வேதங்களோடு ராமாயணம், பாரதம், மனு சாத்திரம், வைகானசம் என்று பாடங்கள். பாண்டிக்குத் தெற்கே பாகூரில் இதற்கெல்லாம் முன்பே, பல்லவன் நிருபதுங்கன் காலத்தில், 877 வாக்கில், ஒரு வித்தியாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களை எழுதிக் கொடுத்த செப்பேடு கிடைத்திருக்கிறது. ஒரே நாளில் பஸ்ஸில் போய்ப் பார்த்துத் திரும்பிவிடக்கூடிய தூரத்துக்குள் மூன்று பெரிய பள்ளிகள். இப்படி அமைந்த வட்டாரம் தமிழகத்தில் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இதை மறுக்க நான் வரவில்லை. இதற்கு வைக்கிற பெயரைத்தான் மறுக்கிறேன்.

ஆண்டுக் கணக்கை முதலில் முடித்துவிடலாம். ஆக்ஸ்ஃபோர்டில் ஏதோ ஒரு வகைப் பாடம் நடந்ததற்கான தடயம் 1096இலிருந்து கிடைக்கிறது. இத்தாலியின் பொலோனியா 1088 என்று சொல்லிக்கொள்கிறது. எண்ணாயிரம் இரண்டுக்கும் முந்தியது, சந்தேகமில்லை. ஆனால் நிறையப் பிள்ளைகளை உட்காரவைத்து உயர்ந்த பாடம் சொல்வதுதான் பல்கலைக்கழகம் என்றால், கெய்ரோவின் அல் அஸ்ஹர் 10ஆம் நூற்றாண்டு, மொராக்கோவின் ஃபெஸ் நகரத்துக் கரவிய்யீன் 859, நாலந்தா 5ஆம் நூற்றாண்டு. அந்த அளவுகோலில் எண்ணாயிரம் உலகத்திடம் தோற்கும் முன்பே பாகூரிடம் தோற்றுவிடும். முதலிடம் வேண்டுமென்று கிளம்பியவர்கள் பக்கத்து ஊரை மறந்துவிட்டுக் கிளம்பியிருக்கிறார்கள்.

முதலில் பிறந்தது யார் என்ற போட்டியில் அவர்களும் சளைத்தவர்களில்லை. ஆக்ஸ்ஃபோர்டின் யூனிவர்சிட்டி கல்லூரி, தன்னை நிறுவியவர் 9ஆம் நூற்றாண்டு ஆல்ஃபிரட் மன்னர் என்று கதை கட்டி, 1727இல் நீதிமன்றத்தையே அதை ஏற்கவைத்து, 1872இல் ஆயிரமாவது ஆண்டுவிழாவும் கொண்டாடியது. கல்லூரியின் உண்மையான வயது அப்போது 700ஐக்கூடத் தொடவில்லை. பொலோனியாவின் 1088க்கும் ஆவணம் கிடையாது. இத்தாலி ஒன்றாகிப் புது நாடாக நின்ற நேரத்தில், 1888இல் எண்ணூறாம் ஆண்டுவிழா நடத்த வசதியாக, கவிஞர் கார்துச்சி தலைமையிலான குழு குறித்துக் கொடுத்த ஆண்டு அது. நம் பேனர் எழுதுகிறவர்களுக்கு ஐரோப்பாவிலேயே பங்காளிகள் உண்டு.

போகட்டும். ஆண்டை விட்டுவிட்டு, அந்த இடங்களில் புதிதாக என்ன நடந்தது என்று பார்ப்போம்.

யூனிவர்சிட்டாஸ் என்ற லத்தீன் சொல்லுக்குக் கல்வியோடு முதலில் ஒரு சம்பந்தமும் இல்லை. ஒரு தொழில் செய்கிறவர்கள் ஒன்றாகச் சேர்ந்து ஒரே ஆளைப் போல வழக்காடவும் ஒப்பந்தம் போடவும் கூடிய குழுமம் என்று அதற்குப் பொருள். தச்சர்களும் துணி வணிகர்களும் அப்படிச் சேர்ந்திருந்தார்கள். பொலோனியாவில் சட்டம் படிக்க வெளியூர்களிலிருந்து வந்த மாணவர்கள், வாடகை ஏற்றும் வீட்டுக்காரர்களிடமிருந்தும் நகராட்சியிடமிருந்தும் தங்களைக் காத்துக்கொள்ள அதே மாதிரி சேர்ந்தார்கள். சேர்ந்த பிறகு ஆசிரியர்களையும் விடவில்லை. வாத்தியார் மணி அடித்ததும் பாடத்தைத் தொடங்க வேண்டும், அடுத்த மணிக்கு நிறுத்த வேண்டும், அத்தியாயத்தைத் தாண்டிப் போகக் கூடாது. வகுப்புக்கு ஐந்து பேர்கூட வரவில்லையென்றால் அவரே வராததாகக் கொண்டு அபராதம். ஊரைவிட்டுப் போக வேண்டுமென்றால் திரும்பி வருவதற்கு ஈடாகப் பணம் கட்டிவிட்டுப் போக வேண்டும். ஆசிரியர்களுக்குச் சம்பளம் மாணவர்கள் கையிலிருந்து வந்தது; சட்டமும் அவர்கள் கையில் இருந்தது.

பாரிஸில் இது தலைகீழ். அங்கே ஆசிரியர்கள் சேர்ந்து குழுமம் ஆனார்கள். 1229இல் திருவிழா நேரத்தில் சாராயக்கடைக் கணக்கில் தொடங்கிய சண்டை பெரிதாகி, அரசின் காவலர்கள் மாணவர்கள் சிலரைக் கொன்றுவிட்டார்கள். ஆசிரியர்கள் வகுப்பை நிறுத்தினார்கள். நிறுத்தியதோடு நிற்கவில்லை, ஊரையே காலி செய்தார்கள். துலூஸ், ஆர்லியான், ஆக்ஸ்ஃபோர்டு என்று ஆளுக்கொரு திசை. இரண்டு ஆண்டு பாரிஸ் வெறிச்சோடியது. 1231இல் போப் ஒன்பதாம் கிரகோரி சமாதானம் பண்ணி வைத்த ஆணையில், அநியாயம் நடந்தால் பாடத்தை நிறுத்தும் உரிமை ஆசிரியர்களுக்கு எழுத்தில் கிடைத்தது. ஆக்ஸ்ஃபோர்டிலும் 1209இல் நகரத்தார் மாணவர்களைத் தூக்கிலிட்டபோது ஒரு கூட்டம் கிளம்பிப் போனது. போன இடம் கேம்பிரிட்ஜ். 1214இல் நகரத்தாரை வழிக்குக் கொண்டுவந்த தீர்ப்பில், ஏழை மாணவர்களுக்காக ஆண்டுக்கு 52 ஷில்லிங் தர வேண்டும், புனித நிக்கலஸ் நாளில் நூறு ஏழை மாணவர்களுக்குச் சோறு போட வேண்டும் என்று இருந்தது. பிள்ளைகளுக்குச் சோறு போடுவதை நாம் கண்டுபிடித்தோம், அவர்கள் தண்டனையாகக் கற்றுக்கொண்டார்கள் என்று வேண்டுமானால் பேனர் அடிக்கலாம். எனக்கு ஆட்சேபணை இல்லை.

அவர்களால் எப்படிச் சட்டென்று கிளம்ப முடிந்தது? தூக்கிக்கொண்டு போக ஒன்றும் இல்லாததால். அந்த ஆரம்பக் காலத்தில் அவர்களுக்குச் சொந்தக் கட்டடம் இல்லை, வயல் இல்லை, நெற்குதிர் இல்லை. வாடகை அறையிலும் தேவாலயத்திலும் வகுப்பு நடந்தது. மேடைப் பேச்சாளர்கள் எண்ணாயிரத்தில் எதையெதைக் காட்டி வியக்கிறார்களோ, நிலம், நெல், உணவு, உறைவிடம், அதில் ஒன்றும் பொலோனியாவிடம் இல்லை. பொலோனியாவிடம் இருந்த ஒன்று எண்ணாயிரத்தில் இல்லை.

எண்ணாயிரத்தில் யார் யாருக்கு எவ்வளவு என்று முடிவு செய்தது யார்? ஆணை அரசனுடையது. நிறைவேற்றியது ஊர்ச்சபை. நிலமும் நெல்லும் கோயில் வழியாக வந்தன. 14 ஆசிரியர்கள் கூடித் தீர்மானித்தார்கள் என்று ஒரு வரி இல்லை. மாணவர்கள் கேட்டுக்கொண்டதற்கு இணங்கி என்றும் இல்லை. வேதாந்தத்துக்கு 10 பேர் போதும், மீமாம்சைக்கு 35 வேண்டும் என்று வகுத்தவர்கள் பாடம் சொல்பவர்கள் இல்லை. படித்து முடித்தவருக்கு, நீ இனி எங்கேயும் கற்பிக்கலாம் என்று அந்த ஆசிரியர்கள் சேர்ந்து கொடுக்கும் உரிமமும் அங்கே பேசப்படவில்லை. பாரிஸும் பொலோனியாவும் கொடுத்த பட்டத்தின் சாரம் அந்த உரிமம்தான். இன்றைக்கு நம் வீட்டுச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் பட்டச் சான்றிதழ் அதன் பேரன்.

திருபுவனைக் கல்வெட்டில் ஒரு அருமையான செய்தி இருக்கிறது. கற்பிக்கிறவர்களும் கற்கிறவர்களும் ஊர் வாரியங்களில் பணிபுரிய வேண்டியதில்லை என்று சபை விலக்குக் கொடுத்திருக்கிறது. கல்விக்கு எவ்வளவு மரியாதை என்று இதைப் புகழ்வார்கள். மரியாதைதான். ஆனால் இன்னொரு முறை படித்துப் பாருங்கள். ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்ற ஊர்வேலையிலிருந்து ஆட்களை விடுவிக்கிறார்கள். அந்த ஆட்களுக்கென்று தனியாக ஒரு வாரியம் கொடுக்கவில்லை. உன் வேலை படிப்பது, நிர்வாகத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்பதுதான் அந்த விலக்கின் மறுபக்கம்.

நமக்குக் குழுமம் கட்டத் தெரியாது என்றால் இந்த இடத்தில் பேச்சை நிறுத்திவிடலாம். விஷயமே அதுதான்: நமக்கு அது மிக நன்றாகத் தெரியும். பொலோனியாவில் மாணவர்கள் கூடுவதற்கு இருநூறு ஆண்டு முன்னால், 919லும் 921லும், உத்திரமேரூர்ச் சபை தன் வாரியங்களுக்கு ஆள் எடுக்கும் விதிகளைக் கல்லில் வெட்டிவிட்டது. வயது 35க்கு மேல் 70க்குள், கால் வேலி நிலம், சொந்த மனையில் வீடு, மந்திர பிராமணத்தில் பயிற்சி. ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் கற்றவர் என்றால் அரைக்கால் வேலி இருந்தாலும் போதும். குடவோலை, கணக்குக் காட்டாதவருக்குத் தடை, எல்லாம் உண்டு. வேளாளருக்கு ஊர், நாடு, வணிகருக்கு நகரம், கடல் தாண்டி வியாபாரம் செய்தவர்களுக்கு ஐந்நூற்றுவர். ஐந்நூற்றுவர் சொந்த மெய்க்கீர்த்தியும் படைவீரரும் வைத்துக்கொண்டு சுமத்திரா வரை போனவர்கள். உப்பு விற்கிறவனும் ஏரி வெட்டுகிறவனும் கூடித் தனக்கென்று சட்டம் போட்டுக்கொண்ட நாட்டில், பாடம் சொன்னவன் மட்டும் ஏன் கூடவில்லை? எண்ணாயிரம் கேட்கத் தூண்டும் பெரிய கேள்வி இது. பல்கலைக்கழகம் என்று பெயர் சூட்டிவிட்டால் இந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாது.

நமது பழைய வரலாற்றில் இந்தப் பெயருக்குக் கொஞ்சம் நெருங்கி வந்த ஓரிடம் உண்டென்றால் அது காஞ்சியின் கடிகை. 4ஆம் நூற்றாண்டில் மயூரசர்மன் என்ற அந்தணர் படிக்க வந்தது அங்கேதான்; பல்லவக் குதிரைவீரன் ஒருவனோடு தகராறாகி, படிப்பை விட்டுவிட்டு வாளெடுத்துக் கதம்ப அரசைத் தோற்றுவித்த கதையைத் தாளகுண்டா கல்வெட்டு சொல்கிறது. 8ஆம் நூற்றாண்டில் பல்லவ வம்சத்தில் வாரிசு அற்றபோது இரண்டாம் நந்திவர்மனைத் தேடிப் போய் அழைத்து வந்தவர்களில் கடிகையாரும் ஒரு தரப்பு என்று வைகுந்தப் பெருமாள் கோயில் கல்வெட்டு குறிக்கிறது. கடிகையார் என்ற அந்தப் பலர்பால் பெயரைக் கவனியுங்கள். அரசனைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் ஒரு குழுவாக நிற்கிறார்கள். குமரிப் பக்கம், ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866இல் பார்த்திவசேகரபுரத்தில் 95 சட்டர்கள் என்ற மாணவர்களுக்கு நிறுவிய சாலையில் மாணவர்களின் நடத்தைக்கு விதிகள் இருந்தன: ஆயுதத்தால் காயப்படுத்தினால் தண்டம், வாய்த்துடுக்குக்கும் தண்டம். காந்தளூர்ச் சாலையின் வழக்கப்படி இதை வகுத்தார்கள். ஒரு சாலையின் விதியை இன்னொரு சாலை பின்பற்றுவது, மரபு ஒன்று உருவாகத் தொடங்கியதன் அடையாளம். இந்த இரண்டு விதைகளும் எண்ணாயிரத்துக்கு முந்தியவை. எண்ணாயிரத்தில் நெல் பெருகியது, விதை முளைக்கவில்லை.

இங்கே வழக்கமாக ஒரு குறுக்குக் கேள்வி வரும். குழுமம், உரிமம் என்பதெல்லாம் வெள்ளைக்காரன் வகுத்த இலக்கணம், அதற்கு நாம் ஏன் கட்டுப்பட வேண்டும்? நியாயமான கேள்வி, தப்பான வாயிலிருந்து வருகிறது. ஆக்ஸ்ஃபோர்டைப் பேச்சுக்குள் இழுத்து வந்தது நான் இல்லை. எண்ணாயிரத்தை அதன் சொந்தப் பெயரில் மடம் என்றோ சாலை என்றோ அழைத்திருந்தால் இந்தக் கட்டுரையே வேண்டாம். அவன் தராசில் ஏறி நின்று எடை போட்டுக்கொண்டு, படிக்கல்லை மட்டும் வீட்டிலிருந்து கொண்டுவருவேன் என்பது என்ன வியாபாரம்?

அதோடு, நமக்கு லத்தீன் தேவையே இல்லை. தமிழ்ச் சொல்லே காட்டிக்கொடுக்கிறது. பல்கலைக்கழகம் என்ற புதுச்சொல்லை ஆக்கியவர்கள் பல கலை என்பதோடு நிறுத்தவில்லை, கழகம் என்று முடித்தார்கள். கழகம் கூடுமிடம், கூடியவர்களின் அவை. திருக்குறளின் சூது அதிகாரத்தில் சூதாடுகிறவர்கள் கூடும் இடத்துக்கும் அதே சொல்தான். கூடுகிறவன் சூதாடியானாலும் கூட்டம் இருந்தால்தான் கழகம். நம் பேச்சாளர்கள் முன்பாதியைப் படித்துவிட்டுக் கை தட்டுகிறார்கள்.

அந்த முன்பாதியும் கொஞ்சம் இடிக்கிறது. எண்ணாயிரத்துப் பட்டியலை மறுபடி பாருங்கள்: வேதம், வேதாங்கம், வடமொழி இலக்கணம், மீமாம்சை, வேதாந்தம். மருத்துவம் கிடையாது. அதைத் தேடினால் திருவாவடுதுறைக்கு, சரகரையும் வாக்படரையும் கற்பித்த 1121ஆம் ஆண்டுக் கல்வெட்டுக்குப் போக வேண்டும். தமிழ் கிடையாது. கல்வெட்டின் மொழி தமிழ். திருவாய்மொழி ஓதுகிறவர்களுக்கும் அதே கல்வெட்டில் நெல் உண்டு. ஆனால் தொல்காப்பியம் சொல்ல ஓர் ஆசிரியர் என்று ஒரு நாழி நெல்கூட ஒதுக்கவில்லை. தமிழன் நிறுவிய முதல் பல்கலைக்கழகம் என்று முழங்குகிற அன்பர்கள் இதைச் சற்று யோசிக்கலாம். தமிழ் கோயிலுக்குள் ஓதப்பட்டது; பள்ளிக்குள் பாடமாக நுழையவில்லை.

யார் படித்தார்கள் என்ற கேள்விக்கும் பாடப்பட்டியலே பதில். வேதம் ஓதப் பிறப்பால் உரிமை பெற்றவர்கள். ஐரோப்பாவும் பெண்களையும் யூதர்களையும் வெளியே நிறுத்தியது, ஆக்ஸ்ஃபோர்டு பெண்களுக்குப் பட்டம் கொடுக்க 1920 வரை இழுத்தது என்று பதில் வரும். உண்மை, அது அவர்களுடைய வெட்கம். ஆனாலும் பாரிஸில் ஏழை மாணவர்களுக்காக 13ஆம் நூற்றாண்டில் கல்லூரி நிறுவிய ரொபேர் த சொர்போன், எளிய குடும்பத்தில் பிறந்து படித்து மேலே வந்தவர். சொர்போன் என்று உலகம் சொல்வது அவர் ஊர்ப்பெயரை. வளவனூர் வண்ணானின் பிள்ளை எண்ணாயிரத்தில் படித்துத் திரும்பி, இங்கே ஒரு சாலை நிறுவியிருக்க வழி உண்டா? தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய குஞ்சரமல்லன் ராஜராஜப் பெருந்தச்சன் பெயர் அந்தக் கோயில் கல்வெட்டில் இருக்கிறது. 216 அடி விமானத்தை நிறுத்திய கணக்கும் கைத்திறனும் எண்ணாயிரம் போன்ற பள்ளிகளில் பாடமாக இருந்ததில்லை. அது தச்சர் வீட்டுக்குள் அப்பன் பிள்ளைக்குச் சொல்லி வளர்ந்தது. ஊரின் ஆகப்பெரிய அறிவுகளில் ஒன்று பள்ளியின் வாசலுக்கு வெளியே நின்ற காலத்தைப் பல்கலைக் காலம் என்று எப்படிச் சொல்வது?

சமண மரபு இதில் கொஞ்சம் வேறு. செஞ்சி, திண்டிவனம், வந்தவாசிப் பக்கத்துக் குன்றுகள் சமணருடையவை. வந்தவாசியை அடுத்த வேடலில், 9ஆம் நூற்றாண்டு முதலாம் ஆதித்தன் காலத்தில், கனகவீரக் குரத்தியார் என்ற பெண் ஆசிரியரையும் அவர் வழி மாணாக்கியரையும் காத்து உணவளிப்பதாக ஊரார் ஒப்புக்கொண்ட கல்வெட்டு இருக்கிறது. எண்ணாயிரத்துக்கு நூறு ஆண்டுக்கும் மேல் முந்திய செய்தி. பெண் ஆசிரியர், பெண் மாணவர். இதை எந்தப் பேனரிலும் நான் பார்த்ததில்லை. ஆக்ஸ்ஃபோர்டோடு ஒப்பிட வசதிப்படாததாலோ என்னவோ.

எண்ணாயிரத்தைத் தாழ்த்துவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். படிக்கிறவனிடம் காசு வாங்காமல், படிப்பதற்காக அவனுக்கே நெல் அளந்தார்கள். எந்த ஆசிரியருக்கு என்ன கூலி என்பதை ஊரே படிக்கும்படி கோயில் சுவரில் வெட்டிவைத்தார்கள். இன்று அரசுக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர் என்ற பெயரில் தொகுப்பூதியத்தில் ஆண்டுக்கணக்காக நிற்கிறவர்களைக் கேளுங்கள், அந்தச் சுவரின் அருமை தெரியும். பெருமைப்பட எண்ணாயிரத்தில் இவ்வளவு இருக்கும்போது இல்லாத ஒன்றைக் கடன் வாங்குவானேன்?

ஆனால் அதே சுவர்தான் அதன் பலவீனத்தையும் சொல்கிறது. அரசன் ஆணையிட்டதால் வந்தது. சபை அளந்ததால் நடந்தது. அரசும் சபையும் தளர்ந்தபோது, நாங்கள் இருக்கிறோம், வேறு ஊருக்குப் போய்க் கற்பிப்போம் என்று சொல்ல அங்கே ஒருவரும் சேர்ந்து நிற்கவில்லை. பாரிஸில் ஆசிரியர்கள் ஊரைவிட்டுப் போனாலும் பல்கலைக்கழகம் அவர்களோடு நடந்துபோனது. எண்ணாயிரத்தில் நெல் நின்றதும் எல்லாம் நின்றது. கல் மட்டும் இருக்கிறது.

இது பழங்கதை என்று நினைப்பவர்களுக்கு, நம் மாவட்டத்துச் செய்தி ஒன்று. 2021 தொடக்கத்தில், வேலூர்த் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தைப் பிரித்து, விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு டாக்டர் ஜெ. ஜெயலலிதா பல்கலைக்கழகம் என்று சட்டமன்றம் ஒரு பல்கலைக்கழகத்தை உருவாக்கியது. மே மாதம் ஆட்சி மாறியது. ஆகஸ்ட் கடைசியில் அதே சட்டமன்றம் அதை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கும் மசோதாவை நிறைவேற்றியது. தொடங்கியது சரியா, இணைத்தது சரியா என்று கட்சிக்காரர்கள் வாதாடிக்கொண்டார்கள். இரண்டு முறையும் ஆசிரியர்களிடமோ மாணவர்களிடமோ ஓட்டுக் கேட்கவில்லை.